குதிக்குள் ஒரு கம்பி

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, லெபோ பாசார் அஞ்சடியில் என் வலது கால் ஹீல்ஸ் ஒடிந்தது. ஒரு கையில் முறுக்கு மாவு, இன்னொரு கையில் அம்மாவுக்கு எடுத்த சேலை. லோங்காங் (சாக்கடை) மூடியின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே குதி போய்ச் செருகிக்கொண்டது. நான் முன்னால் போய்விட்டேன், குதி வரவில்லை.

பினாங்குக்காரர்களுக்கு அஞ்சடியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: கடைவீட்டின் மாடிக்கு அடியில், வெயிலும் மழையும் படாமல் நடக்க விட்டிருக்கும் ஐந்தடி அகல நடைபாதை அது. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்குத் தன் இஷ்டப்படி தரை போட்டிருப்பார். ஒன்று ஏறும், அடுத்தது இறங்கும், நடுவில் திடீரென்று ஒரு படி, அப்புறம் வழுக்குகிற டைல்ஸ். தட்டைச் செருப்புக்கே சோதனையான பாதை. அதில் 3 அங்குலக் குதியோடு நடந்தது என் தப்புதான்.

தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் நொண்டிக்கொண்டே போனேன். அவர் உடனே பசையை எடுக்கவில்லை. ஒடிந்த குதியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருசமா போடுறியே தங்கச்சி, உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கியா?" என்றார். பார்த்ததில்லை. காட்டினார்.

வெளியே பளபளத்த கறுப்புத் தோல், தோலே இல்லை. ஒட்டிய மெல்லிய ரெக்ஸின். அதை உரித்தால் வெள்ளை பிளாஸ்டிக். அந்த பிளாஸ்டிக்கின் நடுவில், பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமனாக ஓர் எஃகுக் குழாய், மேலிருந்து கீழ்வரை. குழாயின் அடியில் ஆணியோடு செருகிய சின்ன ரப்பர் முளை. நடக்கும்போது குதிப் பக்கத்தில் தரையைத் தொடுவது அந்த முளை மட்டும்தான். "இது தேஞ்சப்பவே வந்திருந்தா அஞ்சு வெள்ளியோட போயிருக்கும்" என்று ஒரு குட்டு வைத்தார். பிறகு செருப்பின் உள் அட்டையைக் கொஞ்சம் தூக்கி, அடியில் விரல் நீளத்துக்கு வளைந்து கிடந்த ஒரு தட்டையான எஃகுப் பட்டையை நகத்தால் தட்டினார். டிங் என்றது.

ஹீல்ஸை ஒரு பாலமாக நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். பாலத்துக்கு இரண்டு தூண்கள். பின்தூண் குதி, முன்தூண் கால்விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற பகுதி. இரண்டுக்கும் நடுவில் பாதம் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த இடைவெளியைத் தாங்குவது அண்ணன் தட்டிக் காட்டிய எஃகுப் பட்டை. அது இல்லாவிட்டால் உடம்பின் எடைக்குச் செருப்பு நடுவில் மடங்கிவிடும். குதி ஒல்லியாக ஆக, அதற்குள்ளும் ஒரு கம்பி வேண்டியதாகிவிட்டது. இந்த இரண்டு இரும்பும் வந்து சேர மனிதர்களுக்குச் சில நூறு வருடம் பிடித்திருக்கிறது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குதி அழகுக்காக வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க வேறொன்று திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. நடந்து பிழைக்க வேண்டிய நிலை தனக்கில்லை என்று ஊருக்குக் காட்டத்தான் பெரும்பாலான காலம் குதி உயர்ந்திருக்கிறது. அதைப் போட்டவர்களில் நிறையப் பேர் ஆண்கள்.

தொடக்கம் குதிரை மேல். பாரசீகக் குதிரை வீரர்கள் குதி வைத்த காலணி அணிந்தார்கள். ஓடும் குதிரையில், சேணத்தில் தொங்கும் கால்வளையமான அங்கவடியில் எழுந்து நின்று அம்பு விட வேண்டும். கால் வழுக்கி முன்னால் போய்விடாமல் குதி அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். என் குதி லோங்காங் மூடியில் மாட்டிய அதே வேலைதான், ஆனால் அங்கே அது உயிரைக் காத்தது. அமெரிக்க மாட்டுக்காரர்களின் பூட்ஸில் இன்றும் குதி இருப்பது இதனால்தான்.

1599இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசர்களிடம் தூதுக்குழு அனுப்பினார். துருக்கியரை எதிர்க்கக் கூட்டாளி தேடிய நேரம். பாரசீகப் பொருள்கள் மேல் ஐரோப்பாவில் ஒரு மோகம் கிளம்ப, அங்கத்திய பிரபுக்கள் குதியைப் பிடித்துக்கொண்டார்கள். குதிரையை விட்டு இறங்கிய பிறகும் கழற்றவில்லை. சேறும் சகதியுமான அந்தக் காலத் தெருக்களில் குதி வைத்த காலணியோடு நடப்பது மடத்தனம். அதனால்தான் அது பெருமையானது. வயலில் வேலை செய்கிறவனால் அதைப் போட முடியாது.

இந்தக் கூத்தின் உச்சம் பிரான்சின் 14ஆம் லூயி. அவர் அரசவையில் ஆண்களின் குதி சிவப்பு. 1670களில், அரசவையைச் சேர்ந்தவர்கள் மட்டுமே சிவப்புக் குதி அணியலாம் என்று ஆணையும் வந்தது. யாருடைய குதி என்ன நிறம் என்று பார்த்தாலே யார் ராஜாவுக்கு வேண்டியவர் என்று தெரிந்துவிடும். 1701இல் இயசிந்த் ரிகோ வரைந்த லூயியின் படம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுபது தாண்டிய மனிதர், வெள்ளைக் காலுறை தொடைவரை தெரிய ஒரு காலை நாட்டியக்காரர் மாதிரி முன்னால் நீட்டி நிற்கிறார். காலில் சிவப்புக் குதி. இப்போது அதே போஸில் ஒரு பெண் நின்றால் செருப்பு விளம்பரம் என்போம்.

பெண்கள் இதற்குள் வந்தது 1630கள் வாக்கில். அன்றைய ஐரோப்பிய நாகரிகப் பெண்கள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள், புகைக்குழாய் பிடித்தார்கள், ஆண்களின் தொப்பி வைத்தார்கள். குதியையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'ஆம்பளப் புள்ள மாதிரி ஹீல்ஸ் போட்டுக்கிட்டு அலையாதே' என்று அன்றைக்கு எந்த அப்பாவாவது திட்டியிருப்பார்.

பிறகு இரண்டு பக்கமும் பிரிந்தது. ஆண்களின் குதி தடித்துத் தாழ்ந்தது, பெண்களின் குதி ஒல்லியாகி வளைந்தது. 1740 வாக்கில் ஆண்கள் அநேகமாகக் கைவிட்டுவிட்டார்கள். ஆண் என்றால் அறிவு, உழைப்பு. பெண் என்றால் அலங்காரம் என்று ஒரு நினைப்பு ஐரோப்பாவில் ஊறிய காலம் அது. குதி அலங்காரத்தின் பக்கம் ஒதுங்கிவிட்டது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது, பிரபுத்தனத்தின் வாடை அடிக்கும் எதையும் காலில் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. பெண்களும் தட்டைக்கு இறங்கினார்கள். குதி திரும்பத் தலைதூக்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்.

எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். காலணி செய்ய ஒரு மர அச்சு வேண்டும், பாதத்தின் வடிவத்தில். குதி வந்த பிறகு, வலதுக்கு ஓர் அச்சு, இடதுக்கு அதன் எதிர்வடிவமாக இன்னோர் அச்சு என்று உயரமும் வளைவும் ஒத்துப்போகும்படி செதுக்குவது கஷ்டமாகிவிட்டது. ஐரோப்பியத் தொழிலாளிகள் எளிதான ஒரு வழியைப் பிடித்தார்கள். வலது இடது என்ற வித்தியாசத்தையே விட்டுவிட்டார்கள். இரண்டு காலுக்கும் ஒரே வடிவம். ஏறத்தாழ 200 வருடம் ராஜாக்களும் ராணிகளும் வலது எது இடது எது என்றில்லாத காலணியில்தான் நடந்தார்கள்.

இனி, குதியை விட்டுவிட்டு மொத்த அடியையும் உயர்த்தும் வகைக்கு வருவோம். இப்போது பிளாட்ஃபார்ம் என்கிறோமே, அது. இதில் பைத்தியக்காரத்தனமாக உயர்ந்தது வெனிஸ் நகரம். 15ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை அங்கே செல்வந்தர் வீட்டுப் பெண்கள் 'சோப்பீன்' என்ற மேடைச் செருப்பு போட்டார்கள். சில 50 சென்டிமீட்டர், முழங்கால் உயரம். வெனிஸ் கோரெர் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது. இரண்டு பக்கமும் பணிப்பெண்கள் தோள் கொடுத்தால்தான் நடக்க முடியும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் செருப்பு வெளியே தெரியாது. பாவாடை அதை மூடிவிடும். அப்படியானால் எதற்கு? செருப்பு உயர உயரப் பாவாடை நீளம் கூடும், பட்டுத்துணி கூடும். வெனிஸ் துணி வியாபாரத்தில் கொழித்த ஊர். பெண்டாட்டியின் பாவாடை நீளம் புருஷனின் கஜானாவைச் சொல்லிவிடும்.

உயர்ந்த அடி வேறு கால்களிலும் இருந்தது, ஆனால் அது தண்ணீருக்கு. துருக்கியக் குளியல் கூடங்களின் ஈரத் தரைக்கு முத்துச்சிப்பி பதித்த மரக்கட்டைச் செருப்பு. நம்மூரிலோ மலாய்க்காரர்களின் தெரொம்பா, சீனர்களின் சா கியாக். சின்ன வயதில் பாட்டியோடு சௌரஸ்தா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவேன். மீன் கழுவிய தண்ணீர் தரையெல்லாம் ஓடும். மீன் விற்கும் சீனத்து அக்காக்கள் மரக்கட்டையில் டக் டக் என்று அலட்சியமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். மேலே ஒரே ஒரு ரப்பர் பட்டை, இரண்டு பக்கமும் ஆணி. மரக்கட்டை ஊறாது, கால் நனையாது. வெனிஸ்காரிக்கு நடக்கவே முடியாது, மார்க்கெட் அக்காவுக்கோ அதனால்தான் நடக்க முடிந்தது. இரண்டும் உயர்ந்த அடிதான், யார் காலில் என்பதில் இருக்கிறது சங்கதி.

கடையில் 'வெட்ஜ்' என்று விற்கிறார்களே, குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஆப்பு மாதிரி அடைத்த செருப்பு, அது போரின் பிள்ளை. 1935இல் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்தது. உலக நாடுகள் தடை விதித்தன. நல்ல எஃகு ராணுவத்துக்குப் போய்விட, செருப்புக்குள் வைக்கும் அந்தப் பட்டைக்குத் தட்டுப்பாடு. சல்வதோரே ஃபெர்ரகாமோ என்ற செருப்புக் கலைஞர் யோசித்தார்: பாலம் கட்ட இரும்பு இல்லையா, பாலத்துக்கு அடியையே நிரப்பிவிடு. சார்டினியாத் தீவின் தக்கையைக் கொண்டு இடைவெளியை அடைத்தார். லேசு, மெத்தென்று இருந்தது, மடங்கவும் இல்லை. 1938இல் நடிகை ஜூடி கார்லண்டுக்காக வானவில் நிறங்களில் அடுக்கடுக்காக ஒரு மேடைச் செருப்பும் செய்தார். இன்றைக்குக் கடைகளில் கிடக்கும் பாதி செருப்புகள் அதன் பேத்திகள்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

நம்மிடம் குதி பெரிய விஷயமாக இருந்ததில்லை. செருப்பு போடலாமா கூடாதா என்பதே பெரிய விஷயமாக இருந்தது. சங்க இலக்கியத்திலேயே செருப்பு வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையனின் கால், 'தொடுதோல் மரீஇய வடுவாழ் நோனடி'. செருப்பு அணிந்து அணிந்து தழும்பு ஏறிய வலிய பாதம். 'தொடுதோல்' எவ்வளவு நேரான சொல், தொடுத்துக் கட்டிய தோல். என் காலைக் குனிந்து பார்த்தேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் வார் உரசிக் கறுத்த அதே தழும்பு.

ஆனால் ஆடுமாடு மேய்க்கிறவன் காலில் இருந்த செருப்பு பிற்காலத்தில் எல்லார் காலிலும் இருக்க விடப்படவில்லை. ஊர்த்தெருவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. தோலைப் பதப்படுத்திச் செருப்பு தைத்துக் கொடுத்தவர்களுக்கே அந்தத் தடை. குதியின் உயரத்தை அளந்த பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோதும் காலில் பெரிய மாற்றமில்லை. ரப்பர் தோட்டத்தில் காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். துரைக்குப் பூட்ஸ், கணக்கு எழுதும் கிராணிக்குச் சப்பாத்து, பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு வெறுங்கால். ஈரத் தரையிலிருந்து கொக்கிப்புழு வெறும் பாதத்தின் தோல் வழியாக உடம்புக்குள் ஏறும். குடலில் ஒட்டி ரத்தத்தைக் குடிக்கும். ஆள் வெளுத்துச் சோர்ந்துபோவார். தோட்டத் தமிழர்களை வாட்டிய நோய்களில் அதுவும் ஒன்று. அந்தக் காலோடு அவர்கள் சேர்த்துக் கொடுத்த ரப்பர் எங்கேயோ போய் டயராகவும் செருப்படியாகவும் ஆனது. கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்த என் பாட்டி முதன்முதலில் போட்டது நீல வார் வைத்த சிலிப்பர் ஜெப்பூன். ஜப்பானியரின் வைக்கோல் செருப்பு வடிவத்தில் போருக்குப் பிறகு ரப்பரில் வந்ததால் அந்தப் பெயர். பாட்டி அதைத் தேய்த்துக் கழுவிச் சுவரில் சாய்த்து வைப்பார். போட்டுக்கொண்டு போனதைவிடக் கழுவிய நேரம் அதிகம்.

சொற்களும் கால்நடையாகவே ஊர் மாறியிருக்கின்றன. நம் சப்பாத்தும் மலாய்க்காரர்களின் செப்பாத்துவும் போர்த்துகீசியரின் சப்பாத்தோ என்ற ஒரே தாயின் பிள்ளைகள். பழைய மலாயில் 'செர்ப்பு' என்றால் செருப்பு. நம்மிடமிருந்து போன சொல். எனக்கு ஆச்சரியமான இன்னொன்று உண்டு. அரசாங்கக் கடித உறையில் 'ஊருசான் ஸ்ரீ படுக்கா பகிண்டா' என்று அச்சிட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் வருமான வரிக் கடிதம், அதனால் யாரும் ரசித்துப் படிப்பதில்லை. மாமன்னரின் பட்டத்தில் வரும் அந்தப் 'படுக்கா' வேறொன்றுமில்லை, பாதுகை. பரதன் தலையில் சுமந்து வந்து அரியணையில் வைத்தானே, அதே பாதுகை. ராஜாவை நேராகச் சுட்டாமல் அவர் காலணியைச் சொல்லி மரியாதை செய்கிற வழக்கம் வரிக் கடிதம் வரைக்கும் வந்திருக்கிறது.

ஒல்லிக் குதிக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து எஃகு மறுபடி கிடைத்தது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் தொழிலும் வளர்ந்தது. 1950களில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோருக்காக வேலை செய்த ரோஜே விவியேயும் இத்தாலியில் ஃபெர்ரகாமோவும் விரல் தடிமன்கூட இல்லாத குதிகளைக் கொண்டுவந்தார்கள். மரத்தில் அப்படிச் செதுக்கினால் முறிந்துவிடும். உள்ளே உலோகக் கம்பி வைத்ததால் நின்றது. அதற்கு வந்த பெயர் ஸ்டிலெட்டோ. இத்தாலிய மொழியில் சின்னக் குத்துவாள்.

பெயர் பொருத்தமானதுதான், கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 கிலோ எடையுள்ள பெண் அடியெடுத்து வைக்கும்போது ஒரு நொடி மொத்த எடையும் ஒரு குதியில் இறங்குகிறது. குதியின் முனை 1 சதுர சென்டிமீட்டர் என்றால் அந்த இடத்தில் அழுத்தம் 55 கிலோ. 4,000 கிலோ யானை நாலு காலில் நிற்கிறது, ஒரு காலின் அடிப்பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோதான். கோயில் யானை மிதித்துப் போன மண்ணில் பதியும் தடத்தைவிட என் குதியின் தடம் ஆழம். அந்த நாளில் மரத் தரைகளும் லினோலியமும் குழிகுழியாகிவிட, பல பொது இடங்களில் ஸ்டிலெட்டோவைத் தடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் கார்மல் என்ற சின்ன ஊர் 1963இல் ஒரு சட்டமே போட்டது. 2 அங்குலத்துக்கு மேல் உயரமாக, அடிப்பரப்பு 1 சதுர அங்குலத்துக்கும் குறைவாக உள்ள குதி போட்டுக்கொண்டு தெருவில் நடக்க நகராட்சியில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மரவேர் கிளப்பிய நடைபாதையில் யாராவது விழுந்து வழக்குப் போடுவார்கள் என்ற பயம். நம் அஞ்சடியை அவர்கள் பார்க்கவில்லை.

காலுக்கு என்ன ஆகிறது? குதி உயர்ந்தால் எடை முன்பாதத்துக்குச் சரிகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கிய நிலையிலேயே இருக்கும். வருடக்கணக்கில் தினமும் போடுகிறவர்களுக்கு அது அப்படியே குறுகிப் பழகிவிடும், பிறகு தட்டைச் செருப்பு போட்டால் பின்னங்கால் இழுக்கும். முனை கூர்மையான ஷூவாக இருந்தால் விரல்கள் நெருக்கிக்கொள்ளும், பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாயும். நமக்குக் கூடுதலாக ஒரு தொல்லை, மெட்டி. இரண்டாம் விரலில் வெள்ளி வளையம், இரண்டு பக்கமும் விரல்கள் நெருக்க, எட்டு மணி நேரம். நான் ஒரு காலத்தில் ஷாப்பிங் மாலில் அழகுப் பொருள் விற்கும் கவுண்ட்டரில் நின்றவள். இரண்டு அங்குலக் குதி கட்டாயம், உட்கார நாற்காலி கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டுக்குப் பின்னால் போய் ஷூவைக் கழற்றிப் பார்த்தால் மெட்டி பதிந்த இடம் சிவந்து வட்டமாகத் தெரியும்.

அந்தக் கட்டாயத்தை எதிர்த்துப் பிற இடங்களில் குரல் எழுந்தது பிறகுதான் எனக்குத் தெரியும். 2017இல் பிலிப்பீன்ஸ் அரசு, வேலை இடத்தில் பெண்களைக் குதி போடச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று ஆணை போட்டது. 2019இல் ஜப்பானில் யூமி இஷிகாவா என்ற பெண் தொடங்கிய இயக்கத்துக்குப் பெயர் 'குட்டூ'. ஜப்பானிய மொழியில் குட்சு என்றால் காலணி, குட்சூ என்றால் வலி. ஒரு நெடில்தான் வித்தியாசம். நம் நாட்டில் 2008இல் கோத்தா பாரு நகராண்மை எதிர்த்திசையில் போனது. வேலைக்குப் போகும் முஸ்லிம் பெண்கள் டக் டக் என்று சத்தம் எழுப்பும் குதிச் செருப்பு போட வேண்டாம், போட்டே ஆக வேண்டுமானால் ரப்பர் அடி வைத்துக்கொள்ளுங்கள் என்றது. ஒரு ஊரில் போடு, இன்னொரு ஊரில் போடாதே. பெண்ணின் கால் எல்லா ஊரிலும் யாராவது ஒருவரின் கோப்பில் இருக்கிறது.

பினாங்கில் இருந்துகொண்டு ஜிம்மி சூவைச் சொல்லாமல் விட முடியாது. ஜார்ஜ்டவுனில் செருப்பு செய்யும் ஹக்கா சீனக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் சௌ. பிறப்புப் பத்திரத்தில் தப்பாக எழுதப்போய் சூ ஆகிவிட்டது. பெயர்ப் பிழையோடு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு அது புதுசா என்ன. ஆரம்பத்தில் அப்பா கருவியைத் தொட விடவில்லையாம், சும்மா உட்கார்ந்து பார் என்றாராம். 11 வயதில் முதல் ஜோடியைச் செய்தார். லண்டனுக்குப் போய்ப் படித்து, 1986இல் ஹாக்னி பகுதியில் ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் பட்டறை போட்டார். பின்னாளில் இளவரசி டயானா அவரிடம் செருப்பு வாங்கலானார். டயானாவும் சார்லஸும் ஏறத்தாழ ஒரே உயரம். அதனால் திருமணமான காலத்தில் டயானாவின் செருப்புகள் பெரும்பாலும் தாழ்ந்த குதி. மணவாழ்க்கை முறிந்த பிறகுதான் குதி ஏறியது. 1996இல் சூவின் பெயரில் கம்பெனி தொடங்கியது. 2001இல் அவர் தன் பாதிப் பங்கை விற்றுவிட்டார். 2017இல் கம்பெனி கிட்டத்தட்ட 120 கோடி டாலருக்குக் கைமாறியபோது அதில் மிச்சமிருந்தது அவர் பெயர்தான், அதுவும் எழுத்துப்பிழையோடு.

எனக்கென்னவோ அதைவிட சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பெரானாக்கான் (மலாய் வழக்கங்களோடு கலந்த சீன வம்சத்தினர்) மாளிகையில் பார்த்த, அந்த வம்சத்துப் பெண்களான ஞோஞ்ஞாக்களின் காசுட் மானேக் என்ற மணிச்செருப்பு ஒரு படி மேல். மானேக் என்பது நம் மணிதான். கடுகைவிடச் சின்னக் கண்ணாடி மணிகள், ஐரோப்பாவிலிருந்து வந்தவை. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஒரு ஊசிக்கு ஒரு மணியாகக் கோத்து ரோஜாவும் பறவையும் வரைவார்கள். ஒரு ஜோடிக்கு மாதக்கணக்காகும். முதலில் தட்டையாக இருந்தது, மேல்நாட்டு மோஸ்தர் வந்த பிறகு சின்னக் குதி முளைத்தது. கண்ணாடிப் பெட்டிக்கு மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தேன், ஓர் இதழுக்குள் மட்டும் மூன்று வகைச் சிவப்பு.

நம் கல்யாணங்களில் குதிக்கு இரண்டு முகம். கோயிலில் தாலி கட்டும்போது வெறுங்கால். அம்மி மேல் வைக்கும் பாதத்தை எல்லாரும் பார்க்க வேண்டும். ராத்திரி விருந்துக்கு அதே பெண் நாலு அங்குலத்தில் வருவாள். சேலை கட்டிவிடுகிற அக்காக்கள் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான்: முதலில் செருப்பு, அப்புறம்தான் சேலை. வெறுங்காலில் கொசுவம் அளந்துவிட்டுக் குதி ஏறினால் கணுக்கால் தெரியும். அந்த நாலு அங்குலத்துக்கும் சேர்த்துச் சேலையைக் கீழே இறக்கிக் கட்டி, குதியையே மறைத்துவிடுவார்கள். வெனிஸ்காரிகள் கைதட்டியிருப்பார்கள்.

எனக்கும் அடுத்த வாரம் ஒரு விருந்து இருந்தது. அதனால்தான் அன்று அண்ணன் முன்னால் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். "கொஞ்சம் வெட்டி உயரத்தக் கொறச்சிருங்களேன்" என்றேன்.

"ஒரு செண்டி வெட்டலாம். அதுக்கு மேல வெட்டினா மூக்கு தூக்கிக்கும்" என்றார். ஒடிந்த குதியைப் பொருத்தி, கீழே ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்துக் காட்டினார். எஃகுப் பட்டையின் வளைவு இந்தக் குதியின் உயரத்துக்கென்றே செய்தது. குதியைக் குட்டையாக்கினால் பட்டை பின்னால் சரியும், செருப்பின் முனை வானத்தைப் பார்க்கும், நடந்தால் பின்பக்கம் தள்ளும். பாலத்தின் ஒரு தூணை மட்டும் வெட்டினால் என்ன ஆகும், அதுதான்.

"அப்படின்னா அப்படியே ஒட்டிருங்க."

"பதினஞ்சு வெள்ளி. திங்கட்கிழம வா. இப்ப இதப் போட்டுக்கிட்டுப் போ" என்று பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு பழைய சிலிப்பரை எடுத்துப் போட்டார். ஒன்று நீல வார், ஒன்று பச்சை. போட்டுக்கொண்டு லோங்காங் மூடியை ஜாக்கிரதையாகத் தாண்டும்போதுதான் கவனித்தேன், இரண்டுமே இடது கால். வீடு வரைக்கும் வந்துவிட்டேன்.